காபி வேண்டாமென்ற வாஷர்

நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகமாகச் சந்தேகப்பட வேண்டிய மனிதர் வாஷர்தான். திருடனைக்கூட நம்பிவிடலாம். அவனுக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியும், பீரோவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். வாஷருக்கு என்ன வேண்டும் என்று யாருக்குமே தெரியாது. எதைப் பூட்டுவது?

வாஷர் என்பது அவர் பெயரில்லை. அப்பா அம்மா வைத்த பெயர் கம்பெனி அடையாள அட்டையில் இருந்திருக்கும், எங்கள் பிளாக்கில் யாரும் அதைக் கேட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் குழாய்க்குப் போடுகிற ரப்பர் வாஷர் ஒரு பிடி வைத்திருப்பார். ஒருநாள் கோயிலில் தீபாராதனைத் தட்டில் சில்லறை போடுவதாக நினைத்து இரண்டு வாஷரைப் போட்டுவிட்டார். குருக்களும் பார்க்காமல் விபூதி கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் நிறுத்துக் கொடுத்த தக்காளியை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுத்துப் பார்க்கிற ஆள் நான். யாராவது என் புடவை நன்றாயிருக்கிறது என்றால், இவளுக்கு என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் யோசிப்பேன். என் வீட்டுக்காரர் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவர். "உன்னை செக்யூரிட்டியில எடுத்திருந்தா கம்பெனிக்கு நாய்ங்க செலவு மிச்சம்" என்பார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கதை புரியாது. எங்கள் சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள் எதையும் தாங்களாகத் தொட மாட்டார்கள். தாழ்ப்பாள் கழன்றால் கம்ப்ளெயிண்ட். குழாய் சொட்டினால் கம்ப்ளெயிண்ட். மெயின்டனன்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, கடமை முடிந்தது என்று டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். வீடு கம்பெனியுடையது, ரோடு கம்பெனியுடையது, பஸ்ஸும் கம்பெனியுடையது. தோட்டத்துப் பலாப்பழம் மட்டும்தான் யார் முதலில் பார்க்கிறாரோ அவருடையது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் ஸ்பேனரோடு தானாக வந்து நின்றால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று வாக்கில். மத்தியான நேரம். சப்பாத்திக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், காக்கி பேண்ட் போட்ட ஒரு ஒல்லி ஆள்.

"கொழா சொட்டிகினு இருக்குதுங்களே, பாக்கலாங்களா?"

"யாரு நீங்க?"

"பக்கத்து பிளாக்குங்க. ரோட்டுல போய்கினு இருந்தேன். சத்தம் கேட்டுச்சி."

"ரோட்டுல சைக்கிள்ல போறவருக்கு எங்க வீட்டுக் குழாய் சொட்டற சத்தம் கேட்டுச்சா?"

"நல்லா கேக்குதுங்க. அடுப்படியில, சன்னல் பக்கம். அதானுங்களே?"

அதேதான். இவன் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து பார்த்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"கம்ப்ளெயிண்ட் போட்டிருக்கோம். ஆள் வருவாங்க."

"வரட்டுங்க. அதுவரிக்கும் எதுக்குச் சொட்டணும்?"

வழி விட்டேன். ஆனால் அவர் வேலை முடிக்கிற வரைக்கும் சப்பாத்திக் கட்டையைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. குழாயைக் கழற்றினார், பழைய வாஷரை எடுத்தார், புதியதை மாட்டினார், திறந்து மூடிப் பார்த்தார். அந்தக் குழாயிலேயே ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

"காபி சாப்பிடுறீங்களா?" என்றேன், மரியாதைக்கு.

"வேணாங்க."

இங்கேதான் என் சந்தேகம் உறுதியானது. நம்மூரில் காபி வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறாரென்றால், அதைவிடப் பெரியதாக ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"பாத்ரூம்லயும் ஒண்ணு சொட்டுது" என்று போட்டுப் பார்த்தேன்.

"இன்னிக்கி ஒண்ணு போதுங்க" என்று சொல்லி, சன்னல் கட்டையில் ஒரு வாஷரை எடுத்து வைத்தார். "உங்களுக்கு டைம் இருந்தா மாட்டுங்க. இல்லன்னா நான் இன்னொரு நாளு வரேன்."

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? வேண்டுமென்றே ஒன்றை மிச்சம் வைத்து, மறுபடியும் வர வழி பண்ணிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அந்த வாஷரைத் தொடக்கூட இல்லை. பேப்பரில் சுற்றி அலமாரி மேல் வைத்தேன். என்னவோ, பின்னால் சாட்சிக்கு ஆகும் என்று.

வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"அவரா? அவரு மைன்ஸ்ல பம்ப் செக்‌ஷன்!"

"அதுல என்ன சிரிப்பு?"

"அடியே, நிலக்கரிக்கு அடியில இருக்கிற தண்ணிய ராத்திரி பகலா இறைச்சு வெளிய தள்ளணும். இல்லன்னா சுரங்கமே ரொம்பிடும். அந்த வேலையப் பாக்குற ஆளு அவரு. அங்க ஆறு மாதிரி தண்ணியத் தொறந்து விட்டுட்டு, இங்க வந்து உன் வீட்டுச் சொட்ட நிறுத்துறாரு."

இது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. பாவத்துக்குப் பரிகாரம் பண்ணுகிறவர்களை நான் என்றைக்குமே நம்பியதில்லை.

அதற்குப் பிறகு அவரைக் கண்காணிப்பது எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. பிளாக்கில் அவர் எந்த வீட்டுக்குப் போனாலும், அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அந்த வீட்டில் நான் ஆஜர். "என்ன கேட்டாரு? என்ன சொன்னாரு? எதையாவது பார்த்தாரா?" ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, குழாயைப் பார்த்தார் என்பார்கள். யூனியன் தேர்தலுக்கு அடி போடுகிறார் என்று நினைத்தேன். தேர்தல் வந்தது, வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு, திரும்புகிற வழியில் ஒரு குழாயைப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைக்குப் பெண் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு ஒரே மகள், கல்யாணமாகித் திருவதிகையில் இருக்கிறாள். பண்ருட்டியில் மச்சானுக்கு ஹார்டுவேர் கடை இருக்கும், அதற்கு விளம்பரம் என்று நினைத்தேன். பலாப்பழம் வாங்கப் போகிற சாக்கில் பண்ருட்டிக் கடைகளில் விசாரித்தே விட்டேன். ஒரு கடைக்காரர், "அவரா? அவரு எங்க மச்சானா இருந்தா நாங்க எதுக்கு அவருகிட்ட காசு வாங்கறோம்?" என்றார்.

கடைசியில் பொறுக்க முடியாமல் அவரையே கேட்டேன். அன்றைக்கு எங்கள் பாத்ரூம் குழாய்க்கு வந்திருந்தார்.

"ஒரு வீட்டுக்கு வந்தா ஒரே ஒரு குழாய்தான் பாக்குறீங்க. ஏன், கையோட எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போனா என்ன?"

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எல்லாத்தையும் நானே மாட்டுனன்னு வைங்க, அப்பறம் இது எங்கூட்டுக் கொழா மாதிரி ஆயிடுங்க. நீங்க தொறந்து வுட்டுட்டுப் போனீங்கன்னா எனக்குக் கோவம் வரும். உங்க வூட்டுக் கொழாய்க்கி நான் எதுக்குங்க கோவப்படணும்?"

"அப்ப எதுக்கு வரீங்க?"

"சொட்டுதே" என்றார்.

அவ்வளவுதான் வாக்குமூலம். இதை வைத்து யாரை என்ன செய்ய முடியும்?

அவர் ஒன்றும் கைதேர்ந்த பிளம்பர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்வீட்டு சரோஜா அக்காவின் பெண்ணைப் பார்க்க நெல்லிக்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பையன் சர்க்கரை ஆலையில் வேலை. கூடத்தில் கேசரியும் பஜ்ஜியும் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பின்பக்கமாக வாஷர் வந்திருக்கிறார். பழைய குழாய். இவர் திருகிய திருகலில் கழுத்தோடு உடைந்து கையில் வந்துவிட்டது. தண்ணீர் பீறிட்டு அடுப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து, மாப்பிள்ளையின் அப்பா மேல் அபிஷேகம். அவர் கையிலிருந்த கேசரித் தட்டில் ஏரி.

வாஷர் கட்டை விரலால் குழாயை அடைத்துக்கொண்டு, "வால்வ மூடுங்க! யாராவது வெளிய ஓடி வால்வ மூடுங்க!" என்று கத்துகிறார். குவார்ட்டர்ஸ் ஜனங்கள் என்ன செய்வோம்? சரோஜா அக்காவின் வீட்டுக்காரர் போனை எடுத்துக் கம்ப்ளெயிண்ட் போட ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளைப் பையன்தான் சட்டையை மடித்துவிட்டு ஓடி, தோட்டத்தில் வால்வைத் தேடிப் பிடித்து மூடினான். தலையெல்லாம் சொட்டச் சொட்ட அவன் உள்ளே வந்தபோது பெண் தானாகவே துண்டை எடுத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? தை மாதமே கல்யாணம்.

சரோஜா அக்கா பந்தியில் எல்லோரிடமும், "இந்தக் கல்யாணத்தை நடத்தி வெச்சதே வாஷர் அண்ணன்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் இலையிலிருந்து நிமிர்ந்து, "நான் கொழாய ஒடச்சேங்க. வேற ஒண்ணும் பண்ணல" என்றார்.

இதெல்லாம் எங்கள் பிளாக் நலச்சங்கச் செக்ரட்டரி காதுக்குப் போனது. அவர் ஒரு தனிப் பிறவி. உலகத்தைக் காப்பாற்றாமல் அவருக்குச் சோறு இறங்காது. மரம் நட்டால் ஆயிரம் என்பார், கடைசியில் ஒரு குழியும் ஒரு போட்டோவும் இருக்கும். குடியரசு தினத்துக்கு வாஷருக்குப் பாராட்டு என்று அறிவித்துவிட்டார். பூங்கா வாசலில் ஆள் உயரத்துக்கு பிளக்ஸ். வாஷர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், பின்னால் பூமி உருண்டை சுற்றுகிறது. 'சிறு துளி பெருவெள்ளம்! பூமியைக் காக்க வந்த புண்ணியவானே!' கீழே செக்ரட்டரியின் படம், வாஷர் படத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக.

நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் காத்திருந்த நாள் இதுதான். சால்வை விழுந்ததும் மனிதன் மாறிவிடுவான், உள்ளே இருப்பது வெளியே வரும். இன்றைக்கு ஏதாவது பதவி கேட்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

மைக் முன்னால் வந்து நின்று பிளக்ஸை ஒருதடவை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பூமியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பெருவெள்ளம் பெருவெள்ளம்னு எழுதியிருக்குது. அத நாங்க மைன்ஸ்ல தெனம் பாத்துகினுதான் இருக்கறோம். நாங்க ஒரு ஷிப்ட்ல வெளிய தள்ற தண்ணிக்கி, நான் ஆயுசுக்கும் நிறுத்தற சொட்டு காணாதுங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா மாட்டுனா அந்தக் கொழா நிக்குது. நின்னுது பாத்தீங்களா, அது நெஜங்க. அவ்ளோதான்."

மைக்கை விட்டு இறங்கினவர் திரும்பி வந்து, "இந்த சால்வ வேணாங்க, சைக்கிள் செயின்ல மாட்டும்" என்று செக்ரட்டரி தோளிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வினை அந்த பிளக்ஸில்தான் இருந்தது. அதைப் பார்த்த மற்ற பிளாக்குக்காரர்கள், குழாய் பார்க்கக் கம்பெனியே ஒரு ஆளைப் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். குவார்ட்டர்ஸ் புத்தி எங்கே போகும்? ஒரு புண்ணியவதி மெயின்டனன்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டு, "உங்க வாஷர் எங்க வீட்டுக்கு இன்னும் வரலை, இதான் நீங்க வேலை பாக்குற லட்சணமா?" என்று கம்ப்ளெயிண்ட் கொடுத்துவிட்டாள். அதைக் கேட்டு இன்னும் சிலபேர். ஆபீசில் முழித்தார்கள். எந்த வாஷர்? எங்கள் ஆளில்லையே? தோண்டத் தோண்ட, சரோஜா அக்கா வீட்டில் உடைந்த குழாய்வரை வெளியே வந்தது.

ஆபீசைக் குறை சொல்ல முடியாது. யாரோ ஒருவர் அனுமதி இல்லாமல் வீடு வீடாகப் போய்க் கம்பெனிக் குழாயைக் கழற்றுகிறார் என்றால் கேட்கத்தானே வேண்டும். விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ போனது. ரிட்டயர்மென்ட்டுக்குச் சில மாதம்தான் பாக்கி. இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு கரும்புள்ளி இல்லாத மனிதர். விசாரணை பாதகமாக முடிந்தால் அந்தப் பெயர் கெட்டுப்போய், தலைகுனிந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். செக்ரட்டரி அன்றே பிளக்ஸைக் கழற்றிச் சுருட்டி, மொட்டை மாடியில் வடகத்துக்கு விரித்துவிட்டார். கேட்டதற்கு, "அந்த ஆளை எனக்கு அவ்வளவாப் பழக்கம் இல்லை" என்றார்.

வாஷர் வருவது நின்றது.

கொஞ்ச நாளிலேயே எங்கள் அடுப்படிக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. அதற்கு முன்பெல்லாம் அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது விழுந்தது. புரண்டு படுத்தாலும் விழுந்தது. எழுந்து போய் அலமாரி மேலிருந்த பேப்பர் பொட்டலத்தை எடுத்தேன். சாட்சிக்கென்று வைத்த வாஷர் அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்காரரின் ஸ்பேனரை எடுத்து, வால்வை மூடி, நானே மாட்டினேன். நகம் பெயர்ந்தது, புடவை நனைந்தது, ஆனால் குழாய் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே புடவை மாற்றிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் வசனம் தயார் பண்ணினேன். நான் போய்ப் பேசினால்தான் அந்த மனிதர் தப்பிப்பார், என்னை விட்டால் அவருக்கு வேறு யார் என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

வராந்தாவில் வாஷர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கை கழுவுகிற தொட்டி. அதன் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டால் விசாரணையில் இன்னொரு கேஸ் சேரும் என்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். விரல்கள் மட்டும் தானாகத் திருகிக்கொண்டிருந்தன. அவரைத் தாண்டி நேராக உள்ளே போய்விட்டேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அவர் ரொம்ப…"

"நல்லவர். ஒரு காசு வாங்கினதில்ல. காபிகூடக் குடிக்க மாட்டார். அதானேம்மா? காலையிலேர்ந்து இதையேதான் கேட்டுட்டு இருக்கேன். உங்க பிளாக்கே வந்துட்டுப் போயிடுச்சு. உடைஞ்ச குழாய்க்கார அம்மா மாப்பிள்ளையையே கூட்டிட்டு வந்துட்டாங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தயார் பண்ணிய வசனமெல்லாம் வீண். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சார், நான் அவரை நல்லவர்னு சொல்ல வரலை. அவர் வந்த நாள்லேர்ந்து நான் அவரைச் சந்தேகப்பட்டுட்டுதான் இருக்கேன். போன வீட்டுக்கெல்லாம் பின்னாடியே போய் விசாரிச்சேன். பண்ருட்டி வரைக்கும் போய் விசாரிச்சேன். ஏதாவது ஒண்ணு மாட்டும்னு தவமாக் கெடந்தேன். ஒண்ணும் மாட்டலை சார்! இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் மாட்டலை!"

அதிகாரி முதல்தடவையாகச் சிரித்தார். "இது புதுசா இருக்கும்மா. இதையும் எழுதிக்கிறேன்."

வாஷரைக் கூப்பிட்டு, இனிமேல் யார் வீட்டுக் குழாயைத் தொடுவதென்றாலும் முன்கூட்டி ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வாயால் கண்டித்து விஷயத்தை முடித்துவிட்டார்கள். சர்வீஸில் ஒரு கீறல் இல்லை. வெளியே வந்ததும் நான் அவரிடம், "பாருங்க, நான் பேசப் போய்தான்…" என்று ஆரம்பித்தேன்.

"ஆமாங்க" என்றார் வாஷர். "உங்களுக்கு முன்னாடியும் நெறைய பேரு வந்தாங்க. நீங்களும் வந்தீங்க. சேந்துதாங்க நின்னுது."

நின்றது என்று அவர் சொன்னது அந்த மெமோவை என்று எனக்கு விளங்கியது. பூரிப்பு பாதி இறங்கியது. ஆனால் மீதிப் பாதி போகவில்லை, அதை அவரும் பறிக்கவில்லை. கிளம்பும்போது பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து ஆபீஸ் பியூன் கையில் வைத்து, தொட்டிக் குழாயைக் கண்ணால் காட்டிவிட்டுப் போனார்.

அவர் ரிட்டயராகிற மாதம் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு மகள் ஊருக்குப் போகிறார் என்று சொன்னார்கள். பிளாக்கைச் சுற்றி வந்து, சொட்டுகிற வீடுகளை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாராம். எங்கள் வீட்டில் ஒரு குழாய்கூடச் சொட்டவில்லை. எல்லாவற்றையும்தான் நானே மாட்டிவிட்டேனே! சைக்கிள் இரண்டு தடவை எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை.

மூன்றாம் தடவை அது வருவதைச் சன்னல் வழியாகப் பார்த்ததும் அடுப்படிக்கு ஓடினேன். ஸ்பேனரை எடுத்தேன். நல்லாயிருந்த குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த வாஷரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, குழாயை மறுபடி மாட்டி வைத்தேன். சொட்டென்ன, நூலாகவே ஒழுகியது.

பின்வாசலில் சைக்கிள் நின்றது.

"கொழா சொட்டிகினு இருக்குதுங்களே."

"ஆமாண்ணே. என்னன்னே தெரியல, திடீர்னு."

கழற்றினார். உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். திரும்பி என் கையிலிருந்த ஈரத்தைப் பார்த்தார், அடுப்பு மேடையில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார், என் முந்தானை முடிச்சைப் பார்த்தார்.

"வாஷரே இல்லியேம்மா. யாரோ கழட்டியிருக்காங்க" என்று கண்ணை இடுக்கினார். "இதுல என்னுமோ இருக்குது."

"இருந்தா இருக்கட்டும். மாட்டிட்டு ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்கண்ணே."

மாட்டினார். குழாய் நின்றது. காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு மடக்கு குடிப்பதும், டம்ளர் விளிம்புக்கு மேலே கண்ணை உயர்த்தி என்னை ஏற இறங்கப் பார்ப்பதுமாக இருந்தார். என் வாழ்க்கையில் ஒருவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டுமே என்று நான் நினைத்தது அன்றைக்கு மட்டும்தான்.